சாய்ந்த கோபுரமும் பச்சைச் சிலையும்: உலகச் சின்னங்களுக்குள் ஒரு குழந்தை நுழையும் வழி

உலகின் புகழ்பெற்ற சின்னங்களைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்யும் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. ஒரு வண்ணப்படம், நாட்டின் பெயர், கட்டி முடித்த ஆண்டு, உயரம் இத்தனை மீட்டர். அவ்வளவுதான், அடுத்த படம் வந்துவிடும். எட்டு வயதுக் குழந்தைக்கு 146 மீட்டருக்கும் 330 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு எதையும் உணர்த்துவதில்லை. அதன் கணக்கில் இரண்டுமே மிகப் பெரியவை. ஆனால் அதே குழந்தை பைசா கோபுரத்தின் படத்தைக் கண்டவுடன் தன் தலையையும் ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, "இது ஏன் விழவில்லை?" என்று கேட்கும். பெயர்பெற்ற சின்னம் எதை எடுத்தாலும் இப்படிக் கண்ணை உறுத்தும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது: ஒரு சாய்வு, எதிர்பாராத ஒரு நிறம், பொருந்தாத பெயர், மனிதக் கைகளால் ஆகுமா என்று மலைக்க வைக்கும் எடை. அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டு போனால் மண்ணின் இயல்பும் உலோகத்தின் குணமும் கட்டியவர்களின் வாழ்க்கையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. உயரமும் ஆண்டும் அதற்குப் பிறகு சொன்னால் மனத்தில் ஒட்டும்.

பைசாவிலிருந்தே தொடங்கலாம். இத்தாலியின் அந்த நகரத்தில் தேவாலயத்துக்கு மணிக்கூண்டாக 1173-இல் இக்கோபுரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அடித்தளத்தின் ஆழம் ஏறத்தாழ 3 மீட்டர் மட்டுமே. அதன் கீழே இருந்ததோ ஆறு கொண்டுவந்து கொட்டிய களிமண்ணும் மணலும். மூன்றாம் அடுக்கு எழும்பும்போதே கட்டடம் புதையத் தொடங்கியது. அந்த நேரத்தில் பைசா அண்டை நகரங்களோடு போரில் சிக்கிக்கொள்ள, வேலை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றுபோனது. இங்கே குழந்தையிடம் சற்று நிறுத்தி, "வேலை நின்றது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டுப் பார்க்கலாம். நல்லதுதான். அந்த நூறு ஆண்டுகளில், பாதி கட்டிய கோபுரத்தின் பாரத்தால் களிமண்ணிலிருந்த நீர் மெல்ல வெளியேறி, மண் இறுகியது. இடைவெளி விடாமல் கட்டி முடித்திருந்தால் கோபுரம் அப்போதே சரிந்திருக்கும் என்பது மண் பொறியியல் அறிஞர்களின் முடிவு.

1272-இல் மறுபடியும் வேலை தொடங்கியபோது, சாய்வைச் சரிக்கட்ட எண்ணிய கட்டுநர்கள் மேல் அடுக்குகளில் தாழ்ந்த பக்கத்தைச் சற்று உயர்த்திக் கட்டினார்கள். அதனால் கோபுரம் சாய்ந்திருப்பதோடு, வாழைப்பழம் போல இலேசாக வளைந்தும் இருக்கிறது. படத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கச் சொன்னால் குழந்தையே இதைக் கண்டுபிடித்துவிடும். நாம் சொல்லிக் கெடுக்காமலிருந்தால் போதும். மணிகள் தொங்கும் உச்சி அடுக்கு முடியும்போது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆகிவிட்டது.

அதற்குப் பின் நடந்தவையும் சுவையானவை. 1934-இல் அடித்தளத்தில் துளைகளிட்டுச் சிமென்ட் கலவையைச் செலுத்தினார்கள். சாய்வு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. 1989-இல் அதே நாட்டின் பாவியா நகரில் ஒரு பழைய கோபுரம் திடீரென இடிந்து நான்கு பேர் உயிரிழந்ததும் அச்சம் பிறந்தது. அடுத்த ஆண்டே பைசா கோபுரம் மூடப்பட்டது. அப்போது அதன் சாய்வு ஐந்தரை பாகை. சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். பொறியாளர்களோ எதிர்ப்பக்கத்துக்குப் போனார்கள். உயர்ந்து நின்ற வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து, சாய்வான குழாய்கள் வழியே சிறிது சிறிதாக மண்ணை உறிஞ்சி எடுத்தார்கள். அந்தப் பக்கம் மெல்லத் தாழ, கோபுரம் தானாகவே பின்னுக்கு நிமிர்ந்தது. உச்சியில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நிமிர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள். 2001 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட கோபுரம் இன்றும் நான்கு பாகை அளவுக்குச் சாய்ந்தே நிற்கிறது. நேராக நிமிர்த்த யாரும் ஆசைப்படவில்லை. நேரான பைசா கோபுரத்தை யார் பார்க்க வருவார்கள்? ஈரமணலில் ஒரு கனமான புட்டியை நட்டுவைத்து, உயர்ந்த பக்கத்திலிருந்து ஒரு தேக்கரண்டியால் மணலைச் சுரண்டி எடுத்தால், பதினோரு ஆண்டுகள் நடந்த இந்த மீட்புப் பணியின் சூட்சுமத்தைப் பத்து நிமிடத்தில் குழந்தை தன் கையாலேயே செய்து பார்த்துவிடும்.

சாய்வு என்றால் தவறு என்று குழந்தை முடிவுகட்டிவிடும் முன் தாஜ்மகாலின் படத்தைக் காட்ட வேண்டும். 1632-இல் வேலை தொடங்கிய அந்தக் கல்லறை மாளிகையின் நான்கு மினார்களும் இலேசாக வெளிப்புறம் சாய்ந்தவை. அது வேண்டுமென்றே செய்தது. நிலநடுக்கத்தில் இடிந்தாலும் நடுவிலுள்ள மாளிகையின் மீது விழாமல் வெளிப்பக்கம் விழட்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வாயில்களைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்துகளிலும் இப்படியொரு கணக்கு உண்டு. தொலைவில் உள்ளவை சிறிதாகத் தெரியும் என்பதால், மேலே போகப் போக எழுத்துகளைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். கீழே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தோன்றும். கட்டியவர்களின் கைகளை வெட்டிவிட்டார்கள் என்ற கதைக்கு எந்தச் சான்றும் கிடையாது. அந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும் நேரத்தில் எழுத்துகளின் கதையைச் சொல்லலாம்.

அடித்தளத்தைப் பற்றிப் பேசும்போது பெரு நாட்டின் மச்சு பிச்சுவை விட்டுவிட முடியாது. 15-ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் 2,430 மீட்டர் உயரத்தில், மழை கொட்டித் தீர்க்கும் ஒரு மலைமுகட்டில் கட்டிய இந்த ஊர் சரியாமல் நிற்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. படிப்படியாக இறங்கும் தளங்களின் மேலடுக்கில் வளமான மண், அதன் கீழே மணலும் சரளையும், அடியில் பெரிய கற்கள். மழைநீர் தங்காமல் வடிந்துவிடும். அங்கே செய்யப்பட்ட கட்டுமான உழைப்பில் பாதிக்கும் மேல் மண்ணுக்கடியில் இருக்கிறது என்று அதை ஆராய்ந்த பொறியாளர்கள் மதிப்பிட்டுள்ளார்கள். எல்லோரும் எடுத்துவரும் படத்தில் அந்தப் பாதி இல்லை.

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலைக்கு உறுத்தல் அதன் நிறம். சிலை பச்சை, ஆனால் அதற்கு ஒருபோதும் யாரும் பச்சை வண்ணம் பூசியதில்லை. பிரெஞ்சுச் சிற்பி பர்த்தோல்டி வடிவமைத்த இச்சிலையின் மேற்போர்வை செம்புத் தகடு, தடிமன் 2.4 மில்லிமீட்டர், அதாவது இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவு. 1886 அக்டோபரில் திறந்து வைத்தபோது அது புதிய செம்புப் பாத்திரம் போலச் செம்பழுப்பாகவே இருந்தது. காற்றும் ஈரமும் கடல் உப்பும் சேர்ந்து செம்பின் மேற்பரப்பை மெல்ல மாற்றின. முதலில் கறுத்தது, இருபது முப்பது ஆண்டுகளில் பச்சை படர்ந்தது. 1906-இல் அதற்கு வண்ணம் பூசலாம் என்ற பேச்சு எழுந்தபோது பொதுமக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது நல்லதாயிற்று. அந்தப் பச்சைப் படலம் செம்புக்குக் கேடயம். கீழே உள்ள உலோகம் மேலும் அரிக்கப்படாமல் அதுதான் காத்து வருகிறது. இரும்புத் துருவோ உதிர்ந்துகொண்டே போய்ப் புதிய இரும்பைத் தின்னும். இந்த ஒரு வேறுபாட்டை விளக்க இதைவிடப் பெரிய பாடக்கருவி உலகத்தில் இல்லை.

இத்தனை மெல்லிய தகடு கடற்காற்றில் எப்படி நிற்கிறது என்பது குழந்தையின் அடுத்த கேள்வி. உள்ளே ஓர் இரும்பு எலும்புக்கூடு இருக்கிறது. அதை வடிவமைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் குஸ்தாவ் ஈபிள். செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் மின்கலம் போல வினைபுரிந்து இரும்பு வேகமாக அரிக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே காப்புப் பொருள் வைத்தார்கள். நூறு ஆண்டுகளில் அது நைந்துபோக, 1980-களில் நடந்த பழுதுபார்ப்பில் செம்பைத் தாங்கிய இரும்புச் சட்டங்களை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகைப் பொருத்தினார்கள்.

பிரான்சிலிருந்து இச்சிலை 350 துண்டுகளாக, 214 பெட்டிகளில் கப்பலேறி 1885-இல் வந்து சேர்ந்தது. சிலை வந்துவிட்டது, நிறுத்துவதற்குப் பீடம் இல்லை! பீடத்துக்கான பணம் தீர்ந்துபோயிருந்தது. செய்தித்தாள் நடத்திய ஜோசப் புலிட்சர், எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவரின் பெயரை அச்சிடுவதாக அறிவித்தார். ஐந்தே மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு, அவர்களில் பள்ளிக் குழந்தைகளும் உண்டு. நாடுகளுக்கிடையிலான நட்பு என்ற பெரிய சொல்லைவிட, உண்டியலிலிருந்து போன அந்தச் சில்லறைக் காசுதான் ஒரு குழந்தைக்கு நெருக்கமாகத் தெரியும் என்று தோன்றுகிறது.

ஈபிள் என்ற பெயர் வந்துவிட்டதால், பாரிஸ் கோபுரத்துக்குப் போவது எளிது. 1889-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக எழுந்த அக்கோபுரத்தில் 18,038 இரும்புத் துண்டுகளும் அவற்றை இணைக்கும் 25 லட்சம் தறையாணிகளும் உள்ளன. கண்ணை உறுத்துவது அதன் ஓட்டைகள். இவ்வளவு உயரமான ஒன்றை ஏன் சுவர் போல அடைத்துக் கட்டாமல் வலைப்பின்னலாக விட்டார்கள்? காற்று முட்டாமல் ஊடுருவிப் போகத்தான். விரித்த குடையோடு காற்றில் நின்ற அனுபவமுள்ள குழந்தைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கோடையில் இரும்பு விரிவதால் கோபுரம் குளிர்காலத்தைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் வரை உயர்கிறது. வெயில் ஒருபக்கம் மட்டும் படும்போது உச்சி வெயிலுக்கு எதிர்ப்புறம் சற்றே நகர்கிறது. இருபது ஆண்டுகளில் பிரித்தெடுக்க வேண்டும் என்பதே முதல் ஒப்பந்தம். வானொலித் தந்திக்கு உயரமான கம்பம் தேவைப்பட்டதால் அது பிழைத்துக்கொண்டது.

எகிப்தின் பெரிய பிரமிடு வேறு வகை. அங்கே உறுத்துவது எண்ணிக்கை. கூபு மன்னனுக்காக ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் எழுந்த அதில் சுமார் 23 லட்சம் கற்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சராசரியாக ஒரு கல் இரண்டரை டன். இந்த எண்ணை அப்படியே சொன்னால் அது காற்றோடு போய்விடும். குழந்தையைக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள், ஆண்டின் எல்லா நாளும், நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 315 கற்கள், மணிக்கு 31 கற்கள், அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். ஒரு காரைவிடக் கனமான கல் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வீதம் இருபது ஆண்டுகள் இடைவிடாமல் வந்து அமர வேண்டும். இக்கணக்கைப் போட்டு முடிக்கும் குழந்தை, யார் தூக்கினார்கள், எங்கே தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று தானே கேட்கும்.

அதற்கு விடை சொல்ல இன்று நம்மிடம் ஒருவரின் நாட்குறிப்பே இருக்கிறது. 2013-இல் செங்கடல் கரையில் உள்ள வாடி அல்-ஜார்ப் என்னும் பழைய துறைமுகத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர் பியர் தல்லே தலைமையிலான குழு பப்பைரஸ் என்னும் நாணல் தாளாலான சில சுருள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பப்பைரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் அவையே மிகப் பழையவை. மெரர் என்ற மேற்பார்வையாளர் தன் குழு ஒவ்வொரு நாளும் செய்த வேலையை அவற்றில் குறித்து வைத்திருக்கிறார். துரா என்னும் இடத்தில் கல் ஏற்றியது, பிரமிடு எழுந்த கிசாவுக்குப் படகில் கொண்டுவந்தது, எங்கே இரவைக் கழித்தது என்று வரிசையாக எழுதியுள்ளார். பத்து நாளில் இரண்டு மூன்று முறை போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்தான் பிரமிடின் வெளிப்போர்வை. ஒருகாலத்தில் பிரமிடு வெள்ளையாக, வழவழப்பாக மின்னியது. அந்தப் போர்வையைப் பின்னால் வந்தவர்கள் வேறு கட்டடங்களுக்காகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால் இன்று படிக்கட்டு போலக் கரடுமுரடாகத் தெரிகிறது. படம் வரையும் குழந்தைகள் எல்லோரும் அதை மஞ்சளாகத் தீட்டுவது நம் காலத்துப் பிரமிடுக்குத்தான் பொருந்தும்.

சாட்டையடி வாங்கும் அடிமைகள் கல் இழுக்கும் காட்சி பலருடைய மனத்தில் பதிந்திருக்கிறது. பிரமிடுகளுக்கு அருகே அகழ்ந்தெடுத்த தொழிலாளர் குடியிருப்பு வேறொன்றைக் காட்டுகிறது. ரொட்டி சுடும் கூடங்கள், மாட்டிறைச்சியும் மீனும் உண்ட தடயங்கள், எலும்பு முறிந்து பின் ஒழுங்காகக் கூடிய கை கால்கள், மரியாதையோடு புதைத்த கல்லறைகள். அதற்காக அவர்கள் விரும்பிய வேலையைத் தேடி வந்த கூலியாட்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. அரசனுக்கு முறைவைத்து உழைக்க வேண்டிய கடமை பலருக்கு இருந்தது. இந்த நடுவிலுள்ள உண்மையைக் குழந்தைகளால் புரிந்துகொள்ள முடியாது என்று நினைப்பது பெரியவர்களின் பிழை. 'கூபுவின் நண்பர்கள்' என்று தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்துக் கல்லில் கிறுக்கிவிட்டுப் போன ஆட்களை, விளையாட்டில் அணி பிரித்துப் பெயர் சூட்டும் குழந்தை நன்றாகவே அடையாளம் காணும்.

எடையை நகர்த்தும் புதிருக்குப் பசிபிக் பெருங்கடலில், சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தள்ளித் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவு இன்னொரு விடை வைத்திருக்கிறது. மோவாய் எனப்படும் 900-க்கும் மேற்பட்ட கற்சிலைகள் அங்கே உள்ளன. சிலைகள் தாமாகவே நடந்து வந்தன என்று தீவின் ராப்பா நூயி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கேட்டவர்கள் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். டெரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரு ஆய்வாளர்கள் 4 டன்னுக்கும் மேலான மாதிரிச் சிலை ஒன்றைச் செய்து, மூன்று கயிறுகளைக் கட்டி, 18 பேரை வைத்து இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுக்கச் செய்தார்கள். சிலை ஆடி ஆடி அடியெடுத்து வைத்து முன்னேறியது. கனமான பீரோவை மூலைக்கு மூலை திருப்பி நகர்த்துவோமே, அதே வித்தை. எல்லாச் சிலைகளும் இப்படித்தான் வந்தன என்று எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 'நடந்தது' என்ற சொல் அந்தக் கயிற்றின் முனையில் பொருள் பெற்றுவிட்டது.

கட்டுக்கதை உண்மையாவதும் உண்டு, உண்மை போல உலவுவது பொய்யாவதும் உண்டு. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பது இரண்டாம் வகை. எல்லா அரச மரபுகளும் கட்டிய பகுதிகளைச் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று சீனா 2012-இல் அறிவித்த அந்தச் சுவர் நீளத்தில் இணையற்றது; அகலத்திலோ சில மீட்டர்தான். நிலவிலிருந்து அதைப் பார்ப்பது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒற்றைத் தலைமுடியைப் பார்ப்பதற்குச் சமம். 2003-இல் விண்ணுக்குச் சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய், பூமிக்கு மிக அருகிலான சுற்றுப்பாதையிலிருந்தே தன் கண்ணுக்குச் சுவர் தென்படவில்லை என்று சொன்னார். இந்தப் பொய்யை விட்டுவிட்டால் சுவருக்குப் பெருமை குறையாது. மிங் அரச மரபினர் சுண்ணாம்போடு பசையரிசிக் கஞ்சியைக் கலந்து செங்கற்களை ஒட்டினார்கள் என்ற உண்மை அதைவிட வியப்பானது.

சிட்னி ஓபரா மாளிகைக்கு ஒரு வரி போதும் என்று நினைத்தாலும் கை விடமாட்டேன் என்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957-இல் போட்டியில் வென்ற வடிவத்தின் சிப்பி ஓடு போன்ற கூரைகளை எப்படிக் கட்டுவது என்று பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. எல்லாக் கூரைகளையும் ஒரே பெரிய உருண்டையின் மேற்பரப்பிலிருந்து வெட்டிய துண்டுகளாக மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. வளைவு ஒன்றே என்பதால் பாகங்களை ஒரே அச்சில் வார்க்க முடிந்தது. ஆரஞ்சுப் பழத்தோலை உரித்துத் துண்டுகளை மேசையில் நிறுத்தினால் அந்த மாளிகை வந்துவிடும். 1966-இல் சச்சரவால் வெளியேறிய உட்சன், 1973-இல் திறக்கப்பட்ட தன் கட்டடத்தை இறுதிவரை நேரில் பார்க்கவில்லை.

லண்டன் கடிகாரக் கோபுரத்தில் உறுத்துவது பெயர். 'பிக் பென்' கோபுரத்தின் பெயரன்று. உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். முதலில் வார்த்த மணி 1857-இல் சோதனையிலேயே விரிசல் கண்டது; அதை உருக்கி மறுபடி வார்த்த மணியும் 1859-இல் ஒலிக்கத் தொடங்கிய இரண்டே மாதத்தில் விரிசல் விட்டது. இம்முறை உருக்கவில்லை, மணியைச் சற்றுத் திருப்பி, சுத்தியலின் எடையைக் குறைத்தார்கள். உலகம் முழுவதும் கேட்டுப் பழகிய அந்த ஒலி ஒரு விரிசல் மணியின் ஒலி. கடிகாரம் சரியாக ஓட அவர்கள் கையாளும் முறையும் குழந்தைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். ஊசலின் மேல், இப்போது செல்லுபடியாகாத பழைய பென்னி நாணயங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு நாணயத்தைக் கூட்டினால் ஊசலின் எடை மையம் மயிரிழை மேலேறி, கடிகாரம் நாளொன்றுக்கு 0.4 விநாடி வேகமாகும். எடுத்தால் அதே அளவு மெதுவாகும். ஒரு நூலில் கல்லைக் கட்டி ஆட்டிவிட்டு, நூலைச் சற்றுக் குறைத்தால் ஆட்டம் விரைவதை விரல்விட்டு எண்ணலாம்.